ட்ரெட்டினாயின் போட்ட பிறகு முகம் கறுத்தால்: வெயிலா, க்ரீமா?

கேட்டிருப்பவர் ஈரோட்டுப் பெண். தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்வருகிறார். பருவுக்கும், பரு ஆறிய இடத்தில் தங்கிப்போன கருந்தழும்புக்கும் ஸ்கின் டாக்டர் ஒருவர் 0.025 சதவீத ட்ரெட்டினாயின் க்ரீமும் ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று வாரம் ஆயிற்று. முகம் உரிகிறது, வெயில் பட்டால் சுரீர் என்கிறது, வாயோரமும் கன்னமும் முன்பைவிடக் கறுத்துவிட்டன. ‘இது தோலை மெலிசாக்கிவிடும், நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாது’ என்று வீட்டில் சொல்கிறார்களாம். இப்போது பங்குனி, வைகாசியில் தம்பி கல்யாணம். நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார். நிறுத்துவதா தொடர்வதா என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது, தன்னைக் கறுக்க வைத்தது வெயிலா க்ரீமா என்பதுதான். அது தெரிந்துவிட்டால் மற்றதை அவரே முடிவு செய்துகொள்வார்.

தோல் மருத்துவம் படித்து, கொங்குப் பக்கம் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஆனாலும் முகத்தைப் பார்க்காமல், எழுதியதைப் படித்து மட்டும் நோயைச் சொல்ல முடியாது. ஆகவே கீழே சொல்வதை உங்கள் டாக்டரிடம் பேசுவதற்கான தயாரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய அளவில் எனக்குப் படுவது இது: முதல் காரணம் எரிச்சல், வெயில் அதற்கு அடுத்தது. மாநிறமோ கறுப்போ, நம் தோலுக்கு ஒரு சுபாவம் உண்டு. எங்கே அழற்சி வந்து ஆறினாலும் அந்த இடம் கறுக்கும். கொசு கடித்த இடம், எண்ணெய் தெறித்த இடம், கிள்ளிவிட்ட பரு எல்லாம் அப்படித்தான். க்ரீம் போட்டு முகம் சிவந்து, எரிந்து, உரிந்தால் அதுவும் ஒரு அழற்சிதான். நம் நிறத்தில் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. பலர் எரிச்சலைக் கவனிக்காமல் தொடர்ந்து போட்டுவிட்டு, கறுப்பாக மாறிய பிறகுதான் கண்ணாடியில் பார்க்கிறார்கள்.

எங்கே கறுத்திருக்கிறது என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும். வாயின் இரு ஓரம், மூக்கின் பக்கவாட்டு மடிப்பு, கண் ஓரம் ஆகிய இடங்களில் க்ரீம் வழிந்து தேங்கும். தோலும் அங்கே மென்மை. அந்த இடங்கள் உரிந்து கறுத்திருந்தால் க்ரீமின் எரிச்சல் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். கன்ன எலும்பு, நெற்றி, மூக்குத் தண்டு, மேலுதடு என்று இரு பக்கமும் ஒரே மாதிரி, வரைபடத் தீவு போல பழுப்பாகப் படர்ந்திருந்தால் அது மங்கு. மங்கு க்ரீமால் வந்திருக்காது. முன்பே லேசாக இருந்து, இப்போது வெயிலாலும் எரிச்சலாலும் எடுப்பாகத் தெரியும். பரு இருந்த இடத்தில் மட்டும் பொட்டுப் பொட்டாக இருந்தால் அது பழைய தழும்பு, அதற்குத்தான் மருந்தே கொடுத்திருக்கிறார்கள். மூன்றும் கலந்தும் இருக்கலாம். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் நின்று, ஃபில்டர் போடாமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் அதே நேரத்தில் எடுத்தால் போதும். தினம் கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்வதைவிட அது நம்பகமானது.

‘தோலை மெலிசாக்கும்’ என்ற பயத்துக்கு வருகிறேன். ட்ரெட்டினாயின் என்பது வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் அமிலம். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் க்ளிக்மேனும் சகாக்களும் 1969-ல் இதைப் பருவுக்குப் பயன்படுத்துவது பற்றி எழுதினார்கள்; 1971-ல் அங்கே மருந்தாக அனுமதி கிடைத்தது. (அதே க்ளிக்மேன் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளிடம் நடத்திய தோல் சோதனைகள் மருத்துவ வரலாற்றில் இன்றும் ஒரு கறை. மருந்து நல்லது என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை.) அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கும் மருந்து என்பதால் தோலுக்குள் அது செய்வது நன்றாகவே தெரியும். மேலே இருக்கும் இறந்த செல்களின் அடுக்கை முதலில் மெலிதாக்கி இறுக்குகிறது, அதனால்தான் உரிகிறது. அதற்குக் கீழே உயிருள்ள மேல்தோலை மாதக் கணக்கில் தடிப்பாக்குகிறது. இன்னும் கீழே, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதைக் கூட்டுகிறது. செல்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படும்போது மேலே தேங்கிய நிறமியும் சேர்ந்து வெளியேறுகிறது. ஆக, நீண்ட நாள் போட்டால் தோல் மெலிந்துவிடும் என்பது இந்த மருந்துக்குப் பொருந்தாது.

அப்படியானால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? ஸ்டீராய்டு க்ரீமிலிருந்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் ‘ட்ரெட்டினாயின் போட்டு முகம் கெட்டுப்போச்சு’ என்று வருகிறவர்களில் பலர் கையில் வைத்திருப்பது வேறு ட்யூப். தயவுசெய்து உங்கள் ட்யூபைத் திருப்பி, மடிப்புக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். ட்ரெட்டினாயின் என்று ஒன்று மட்டும் இருந்தால் கவலை இல்லை. அதோடு ஹைட்ரோகுவினோன், மொமெட்டசோன் என்று மூன்று பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த கலவை. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளுவோசினோலோன், க்ளோபெட்டசால் எல்லாமே ஸ்டீராய்டுதான். மூன்று சேர்ந்த இந்தக் கலவைக்கும் மூலவர் க்ளிக்மேன்தான். 1975-ல் வில்லிஸ் என்பவரோடு சேர்ந்து எழுதினார். யோசனை தவறில்லை. ஹைட்ரோகுவினோன் நிறமி உண்டாவதைக் குறைக்கும், ட்ரெட்டினாயின் அதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும், ட்ரெட்டினாயினால் வரும் எரிச்சலை ஸ்டீராய்டு அடக்கும். டாக்டர் பார்வையில் மங்குக்குச் சில வாரம் போட்டு நிறுத்தினால் இன்றும் பயனுள்ள மருந்துதான்.

நம் ஊரில் அது நடந்த விதம் வேறு. ஒருமுறை எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து வருடக் கணக்கில் வாங்குவார்கள். அக்காவுக்கு வெளுத்தது என்று தங்கை வாங்குவாள். மெடிக்கலில் ‘முகம் பளிச்சுன்னு ஆகுற க்ரீம்’ என்று கேட்டாலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் உண்மையிலேயே பளிச்சென்று ஆகும்; எரிச்சலும் இருக்காது. பிறகு முகம் சிவக்கும், சிறு ரத்தக் குழாய்கள் தெரியும், தாடையில் மயிர் முளைக்கும், பரு கொத்தாக வரும், வெயிலில் நிற்கவே முடியாது. விட்டால் இன்னும் மோசமாகும், அதனால் மறுபடியும் போடுவார்கள். இந்தச் சுழலுக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்து எழுத வேண்டி வந்தது. 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ‘ஷெட்யூல் எச்’ பட்டியலுக்குள் கொண்டுவந்தது. விற்பனை நின்றுவிட்டதா என்று கேட்காதீர்கள். உங்கள் ட்யூப் அப்படிப்பட்டதாக இருந்து, பல மாதம் போட்டிருந்தால், சட்டென்று நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள். படிப்படியாக விடுவிக்கிற முறை இருக்கிறது.

சரி, வெயில். ட்ரெட்டினாயின் போட்டவர்களுக்கு வெயில் அதிகமாக உறைக்கிறது என்பது உண்மை. ஆனால் அதற்கான காரணத்தைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மருந்தும் வெயிலும் சேர்ந்து தோலில் நஞ்சாக மாறுவதாக நினைக்கிறார்கள். முக்கியமாக நடப்பது வேறு. இறந்த செல் அடுக்கு மெலிந்து, உரிந்து, ஏற்கனவே எரிச்சலாக இருக்கும் தோல் கதிர்களைக் குறைவாகத் தடுக்கிறது, சூட்டையும் வியர்வையையும் தாங்குவதில்லை. முதல் ஒன்றரை இரண்டு மாதத்தில் இது அதிகம். தோல் பழகிய பிறகு வெகுவாகக் குறையும். இரவில் மட்டும் போடச் சொல்வதற்கு இன்னொரு காரணம், வெளிச்சத்தில் இந்த மருந்தே சிதைந்து வீணாகும். ட்யூபை மூடி, வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வைக்கச் சொல்வதும் அதற்காகத்தான். பருவுக்குப் போடும் பென்ஸாயில் பெராக்ஸைடும் இதைச் சிதைக்கும். இரண்டும் எழுதியிருந்தால் பெராக்ஸைடு காலையில், ட்ரெட்டினாயின் இரவில்.

இதைவிட எனக்கு உறுத்துவது நீங்கள் பெயர் எழுதாத அந்த மாத்திரை. பருவுக்குப் பெரும்பாலும் எழுதப்படுவது டாக்ஸிசைக்ளின். அது உண்மையாகவே வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடக்கூடிய மருந்து. க்ரீம் படாத இடத்திலும், புறங்கை, கழுத்தின் பின்பக்கம், மூக்கு நுனி என வெயில் படும் இடமெல்லாம் எரிந்து சிவந்தால் மாத்திரையைச் சந்தேகிக்க வேண்டும். க்ரீம் போட்ட முகம் மட்டும் எரிந்து, கைகள் சாதாரணமாக இருந்தால் க்ரீம்தான். அட்டையைப் பார்த்துப் பெயரைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் வேறு மாத்திரைக்கு மாற்ற வழியிருக்கும். (டாக்ஸிசைக்ளினாக இருந்தால், டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கிய உடனே படுக்காதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும்.)

இப்போது என்ன செய்வது? இதே நிலையில் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: ஒரு வாரம், பத்து நாள் க்ரீமை நிறுத்துங்கள். மருந்தையே விட்டுவிடச் சொல்லவில்லை, தோலுக்கு ஓய்வு கொடுக்கிறோம். அந்த நாட்களில் நுரை அதிகம் வராத மிதமான ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், காலையில் சன்ஸ்க்ரீன். வேறு எதுவும் வேண்டாம். முகம் கழுவும்போது எரியாமல், பேசும்போது வாயோரம் இழுக்காமல் ஆனதும் மறுபடியும் தொடங்கலாம், ஆனால் வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். பட்டாணி என்றால் உலர்ந்த பட்டாணி, வேகவைத்தது அல்ல! நெற்றி, இரு கன்னம், தாடை என்று நான்கு புள்ளி வைத்துப் பரப்புங்கள். பருவின் மேல் மட்டும் வைத்து அழுத்துகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தப் பொட்டு மட்டும் வெந்து கறுக்கும்.

கழுவிய முகம் நன்றாக உலர வேண்டும். ஈரத் தோலில் மருந்து வேகமாக உள்ளே இறங்கி எரிக்கும். இருபது நிமிடம் பொறுப்பது நல்லது. இரவு சமையலறை வேலை முடிவதற்கு முன்பே முகத்தைக் கழுவிவிட்டால் காத்திருப்பது தெரியாது. கண் ஓரம், மூக்கு மடிப்பு, வாயோரம் மூன்றிலும் முதலில் கொஞ்சம் வாஸ்லின் தடவி வையுங்கள், மருந்து அங்கே போகாது. மாய்ஸ்சரைசரை முதலில் போட்டு, அதன் மேல் மருந்து, மறுபடியும் மாய்ஸ்சரைசர் என்று போட்டாலும் சரிதான். மருந்தின் வேகம் கொஞ்சம் குறையலாம், ஆனால் போட முடியாமல் நிறுத்துவதைவிட அது மேல். இரண்டு மூன்று வாரம் எரிச்சல் இல்லை என்றால் வாரம் மூன்று இரவு, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் போட்டே ஆக வேண்டும் என்றில்லை. வாரம் மூன்று இரவோடு வருடக் கணக்கில் நன்றாக இருப்பவர்கள் உண்டு. இப்படிச் செய்தும் தாங்கவில்லை என்றால் அடாபலீன் 0.1 சதவீதத்துக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அதே குடும்பம்தான், வெளிச்சத்தில் சிதையாது, எரிச்சலும் பொதுவாகக் குறைவு. பருவுக்கு நல்ல மருந்து. கருமைக்கு ட்ரெட்டினாயின் பற்றித்தான் பழைய ஆய்வுகள் அதிகம்.

சன்ஸ்க்ரீன் போடுகிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: 50 கிராம் ட்யூப் எத்தனை நாள் வருகிறது? ‘ஆறு மாசம் வரும் டாக்டர்’ என்றால் போடவில்லை என்று பொருள். ஆய்வகத்தில் எஸ்பிஎஃப் (சன்ஸ்க்ரீன் வெயிலை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண்) அளவிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசுகிறார்கள். முகத்துக்கு மட்டும் அது ஒரு கிராமுக்கு மேல் வரும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மேலும் அடி முதல் நுனி வரை நீளமாகப் பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். அப்படிப் போட்டால் தினம் ஒருமுறைக்கே 50 கிராம் ஒன்றரை மாதம் தாண்டாது. ஆகவே விலை உயர்ந்ததை வாங்கிச் சிக்கனமாகப் போடுவதைவிட, கட்டுப்படியாகிற விலையில் வாங்கித் தாராளமாகப் போடுவது நல்லது. எஸ்பிஎஃப் 30 சரியாகப் போட்டால், வெயிலின் புற ஊதாக் கதிரில் ஒரு வகையான யூவி-பி-யில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. வித்தியாசம் சொற்பம்தான், ஆனால் குறைவாகப் போடுகிற நம் பழக்கத்துக்கு 50 ஒரு காப்பு. அதைவிட முக்கியம் இன்னொரு வகையான யூவி-ஏ. அது கண்ணாடி ஜன்னலைத் தாண்டி வரும், கறுக்க வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதை எவ்வளவு தடுக்கும் என்பதற்கு, ட்யூபில் பிஏ என்று போட்டுக் கூட்டல் குறி மூன்றோ நான்கோ இருப்பதைப் பாருங்கள்.

இங்கே பலர் தவறவிடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சம், குறிப்பாக அதன் நீல ஊதாப் பகுதி, நம் நிறத் தோலைக் கறுக்க வைக்கும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள் 2010-ல் இதைக் காட்டினார்கள்: கறுத்த தோலில் அந்த வெளிச்சம் உண்டாக்கிய கருமை ஆழமாகவும் நெடுநாள் நீடிப்பதாகவும் இருந்தது, வெள்ளைத் தோலில் வரவில்லை. வெள்ளைக்காரர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் இது. சாதாரண சன்ஸ்க்ரீன் இந்த வெளிச்சத்தைத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் டின்டட் சன்ஸ்க்ரீன் தடுக்கும். மங்கு உள்ளவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்கிறேன். வெள்ளைப் பூச்சாகத் தெரியும் தொல்லையும் இதில் இல்லை. செல்போன், கம்ப்யூட்டர் திரையிலிருந்து வரும் நீல வெளிச்சம் முகத்தைக் கறுக்கும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். வெயிலோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

அப்புறம் ஸ்கூட்டி. நம் அட்சரேகையில் சித்திரை வைகாசி உச்சி வேளையில் யூவி குறியீடு (புற ஊதாக் கதிரின் கடுமையைக் காட்டும் எண்) 11-ஐத் தாண்டும். உலக சுகாதார அமைப்பு 3-லிருந்தே காப்பு வேண்டும் என்கிறது. செல்போனில் வானிலைச் செயலியில் இந்த எண் வருகிறது, பாருங்கள். எண் பார்க்க முடியாவிட்டால் தரையைப் பாருங்கள்: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் கதிர் கடுமையான நேரம். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 5 மணிக்குப் பின்னும் பயணம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முழு முகம் மூடும் ஹெல்மெட்டின் பாலிகார்பனேட் கண்ணாடி யூவி கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுக்கும். அதை ஏற்றிவிட்டு ஓட்டினால் பயனில்லை. துப்பட்டாவைக் கட்டிக்கொள்வது நல்லதுதான், ஆனால் மெல்லிய ஷிஃபான் வழியே கதிர் வரும். நெருக்கமாக நெய்த, கொஞ்சம் அடர்ந்த நிறப் பருத்தித் துணி நல்லது. வியர்த்து உரசி உரசித் துடைப்பதும், ஹெல்மெட் வார் தாடையில் அழுத்துவதும் தனியாகக் கறுக்க வைக்கும். ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். வேலையிடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், மதியம் வெளியே கிளம்பும் முன்பும் இன்னொரு முறை சன்ஸ்க்ரீன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற விதி வெளியில் இருப்பவர்களுக்கு. உள்ளே உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவு கறாராக வேண்டாம் என்பது என் கருத்து.

வீட்டு வைத்தியத்தில் ஒன்றை மட்டும் கட்டாயம் விடுங்கள்: எலுமிச்சைச் சாறு. அதில் உள்ள பொருள்கள் வெயிலோடு சேர்ந்து கொப்புளமும், மாதக் கணக்கில் போகாத கருமையும் உண்டாக்கும். கடலைமாவு, பயத்தமாவைத் தேய்க்காமல் மெதுவாகக் கழுவினால் பெரிய தீங்கில்லை, ஆனால் க்ரீம் போடும் காலத்தில் அவசியமும் இல்லை. ஸ்க்ரப், ப்ளீச், ஃபேஷியல் இந்த மூன்று மாதத்துக்கு வேண்டாம். மேலுதட்டில் த்ரெடிங்கோ வாக்ஸிங்கோ செய்வதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே அந்த இடத்தில் மருந்தை நிறுத்துங்கள். வாக்ஸ் தோலோடு உரித்துக்கொண்டு வந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன். வைட்டமின் சி சீரம், நியாசினமைடு போன்றவை ஓரளவு உதவலாம் என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் ட்ரெட்டினாயின், சன்ஸ்க்ரீன் அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. எரிகிற முகத்தில் நான்கு பொருளைச் சேர்த்தால் எது எரித்தது என்றே தெரியாமல் போகும்.

கல்யாணத்துக்குள் சரியாகுமா? உரிவதும் எரிவதும் நிச்சயம் சரியாகும். கருமை போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அழற்சியால் வந்த கருமைக்கு ட்ரெட்டினாயின் உதவுகிறதா என்று அமெரிக்காவில் கறுப்பின மக்களிடம் செய்து 1993-ல் வெளியான ஆய்வு 40 வாரம் நடந்தது. உதவியது, ஆனால் அவ்வளவு காலம் எடுத்தது. மேல்தோலில் இருக்கும் பழுப்புக் கறை மூன்று முதல் ஆறு மாதத்தில் மங்க ஆரம்பிக்கும். சாம்பல் நீலம் கலந்து தெரிந்தால் நிறமி ஆழத்தில் இருக்கிறது, அதற்கு மேற்பூச்சு அதிகம் உதவாது. மங்கு என்றால் அடங்கும், வெயில் பட்டால் திரும்ப வரும், அடக்கி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே கல்யாணத்தைக் கெடுவாக வைக்காதீர்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு மருந்தை நிறுத்தி மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டால் மேக்கப் திட்டுத் திட்டாக நிற்காது. ‘ப்ரைடல் க்ளோ’ என்று கடைசி வாரம் பார்லரில் புதிதாக எதையும் முயற்சி செய்ய வேண்டாம். கல்யாணம் முடிந்த மறுவாரம் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

நேரில் காட்டும்போது டாக்டர் இன்னும் சிலவற்றையும் பார்ப்பார். நெற்றியிலும் காதோரத்திலும் வலைபோலக் கறுத்திருந்தால் ஹேர் டை ஒவ்வாமையாக இருக்கலாம். பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் என்றால் குங்குமம். கழுத்து மடிப்பு வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது தோல் விஷயமே அல்ல, சர்க்கரையும் எடையும் பார்க்க வேண்டும். இவற்றில் எதற்கும் ட்ரெட்டினாயின் மருந்தல்ல. முகம் வீங்கினாலோ, நீர் கோத்தாலோ, கண் இமை தடித்தாலோ பத்து நாள் ஓய்வு என்று காத்திருக்காமல் அன்றே போங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவுக்குக் கடுமையான குறைகளை உண்டாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. அதை நிறுத்திய பிறகும் ஒரு மாதம் கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே பூசும் ட்ரெட்டினாயின் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு, தெரியாமல் போட்டுவிட்ட தாய்மார்களின் குழந்தைகளிடம் குறைகள் கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. அதனால் தெரியாமல் போட்டிருந்தால் பயந்து தவறான முடிவு எடுக்கத் தேவையில்லை. ஆனால் தெரிந்து போட வேண்டாம், மாதவிலக்கு தள்ளிப்போன அன்றே நிறுத்திவிடுங்கள். ஹைட்ரோகுவினோன் தோல் வழியாக நிறையவே உள்ளே போகும், அதையும் தவிர்க்க வேண்டும். டாக்ஸிசைக்ளினும் அந்தக் காலத்தில் ஆகாது. பருவுக்கும் கருமைக்கும் கர்ப்ப காலத்தில் போடக்கூடியதாக அசெலாயிக் ஆசிட் க்ரீம் இருக்கிறது. அதுவும் முதல் வாரங்களில் ஊசி குத்துவது போலச் சுருக்சுருக்கென்று இருக்கும், எனவே அதையும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றே ஆரம்பியுங்கள்.